பேர் கொடுக்காத கிளாட்சன்

எங்கள் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க நினைக்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே கோயிலுக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். ஆயத்த ஆராதனை முடிந்ததும் ஒரு நோட்டில் அந்தப் பேர்களை எழுதிக்கொள்வோம். பட்டணத்துச் சபைகள் இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டன. எங்கள் மருதங்கரையில் விடவில்லை. விடாததற்கு நானும் ஒரு காரணம். முப்பத்தொரு வருஷம் அந்த நோட்டு என் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர், கோயிலில் சபைச் செயலாளர். "சார் மோட்ச வாசல்லயும் அட்டெண்டன்ஸ் எடுப்பாரு" என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

அந்த நோட்டில் பன்னிரண்டு வருஷமாக ஏறாத பேர் ஒன்று இருந்தது. கிளாட்சன். கோயிலுக்கே வராதவனாக இருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இவன் ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்கார்வான். பாட்டெல்லாம் புத்தகம் பார்க்காமல் பாடுவான். திருவிருந்துக்கு ஜனங்கள் எழுந்து முன்னால் போகும்போது இவன் மட்டும் வெளியே போய், எல்லோருடைய செருப்புகளையும் ஜோடி சேர்த்து வரிசையாக அடுக்குவான். "ஏன்டா பேர் கொடுக்கறதில்ல?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "இன்னும் ரெடியாகல சார்." பன்னிரண்டு வருஷமாக ஒருவன் ரெடியாகிக்கொண்டே இருந்தால் எனக்கு எரிச்சல் வராதா? வந்தது. அவனிடம் காட்டவும் செய்தேன்.

2008 ஜூலையில் ஒரு சனிக்கிழமை அதற்குக் காரணம் தெரிந்தது. தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கிளாட்சனுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. நடக்கும்போது இடது கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். அவனுடைய அப்பாவும் தமிழ்மாறனுடைய அப்பா மருதையனும் ஒரே பண்ணையில் நாற்றுக்கட்டு சுமந்தவர்கள். பிள்ளைகள் இருவரும் ஒரே வகுப்பு, என் வகுப்பு. மூன்று மைல் தள்ளி நான் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து வருஷம் கிளாட்சனைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்தவன் தமிழ்மாறன். மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால் முதலில் இவனை முதுகில் சுமந்து அக்கரையில் விட்டுவிட்டு, திரும்பி வந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவான். இரண்டு பேரும் சேர்ந்துதான் வகுப்புக்குத் தாமதமாக வருவார்கள், சேர்ந்துதான் என்னிடம் அடி வாங்குவார்கள்.

தமிழ்மாறன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தான். கிளாட்சனுக்கு 1993-இல் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கே அது ஒன்றுதான் போன். வேலைக்கு மனுப் போடுகிற பையன்கள் எல்லோரும் அவன் நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று, அதாவது ஆளைக் கூப்பிட்டுவிடுகிற அடுத்தவர் போன் என்று, போடுவார்கள். போன் வந்தால், "பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஆளைக் கூட்டிவருவான். அறுப்புக்குக்கூட ஆள் கிடைக்காத அளவுக்குப் பையன்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிய வருஷங்கள் அவை. வேலை கிடைத்த செய்தியோ, சாவுச் செய்தியோ, எல்லாம் முதலில் கிளாட்சன் காதில் விழுந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவர்களுக்குப் போகும்.

அவனுடைய தம்பி அருள்பிரகாஷும் வெல்டர். அவன் 1996-இல் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனான். குடிசை மாடி வீடானது. பூத் பிறகு செல்போன் கடையானது. தமிழ்மாறனுக்கு அந்த அதிர்ஷ்டம் வரவில்லை. சீர்காழியில் ஒரு பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்துவிட்டு, பிறகு வீட்டோரமாகவே கொட்டகை போட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்தான். அவனுக்கு ஒரு குறை என்றால் கிளாட்சன் ஓடிவருவான். மகள் லின்சியின் பள்ளிக்கூட விண்ணப்பம், 2005 மழையில் பறந்துபோன கூரைக்குத் தகரம், ரேஷன் கார்டு, மாமியாரின் கண் ஆபரேஷன் என்று எல்லாவற்றுக்கும் அவன்தான். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்பாள் தமிழ்மாறனின் மனைவி ஜாஸ்லின். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

லின்சிக்குப் பதினோரு வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜூலை முதல் ஞாயிறு ஞானஸ்நானம் என்று முடிவானது. தமிழ்மாறனும் ஜாஸ்லினும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளாட்சனின் கடைக்கே போய், "நீதான் ஞானத்தகப்பன்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ஞானத்தகப்பனாக நிற்கிறவன் அன்றைக்குத் திருவிருந்தில் சேர்ந்தாக வேண்டும் என்பது சபையின் விதி. "இப்பவாவது பேர் கொடுப்பான், பாருங்க" என்று போதகரிடம் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். ஐயரும் சிரித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கோயிலின் பக்கத்து அறையில் நான் பாட்டு நம்பர்களைப் பலகையில் சொருகிக்கொண்டிருந்தேன். கிளாட்சன் வந்தான். சட்டை முழுக்க வியர்வை.

"சார், பேர் கொடுக்காம ஞானத்தகப்பனா நிக்க முடியாதா?"

"முடியாது."

"அப்ப எனக்கு உடம்பு சரியில்லன்னு ஐயர்கிட்ட சொல்லிடுங்க சார். வேற யாரையாச்சும் நிக்க வச்சிடுங்க."

"உடம்புக்கு என்ன?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். கால் அப்படி இருப்பதால் அவன் தரையில் உட்கார மாட்டான். எழுந்திருக்க ஆள் வேண்டும். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"தொண்ணூத்தாறு அக்டோபர் சார். செவ்வாய்க்கிழமை. காலையில பதினொண்ணேகால் இருக்கும். திருச்சியிலேர்ந்து சிங்கப்பூர் வேலைக்கு ஆள் எடுக்கற ஏஜெண்ட் ஆபீஸ் போன். 'தமிழ்மாறன் செலக்ட் ஆயிட்டான், நாளைக்கு ஒம்பது மணிக்குப் பாஸ்போர்ட்டோட வரச் சொல்லுங்க, வரலைன்னா அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவோம்'னாங்க. அடுத்த பேரு யாருன்னு கேட்டேன். அருள்பிரகாஷ்னாங்க."

நான் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தேன்.

"போனை வச்சேன் சார். எழுந்திருக்கல. அவ்வளவுதான் நான் செஞ்சது. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் அடிச்சாங்க. ஆள் ஊர்ல இல்லைன்னு சொன்னேன். தம்பியைக் கூட்டியாந்து போனைக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் தமிழ்மாறன் தினமும் பூத்துக்கு வந்து, "எனக்குக் கால் வந்துதாடா?" என்று கேட்டிருக்கிறான். இவன் தினமும் "வரல" என்று சொல்லியிருக்கிறான். கடைசியில், "நான் விசாரிச்சுட்டேன்டா, லிஸ்ட்ல உன் பேரே இல்லையாம்" என்று முடித்துவிட்டிருக்கிறான். நண்பன் சொன்னதை நம்பாமல் இருக்கத் தமிழ்மாறனுக்கு என்ன காரணம்? நம்பிவிட்டான்.

இரண்டு வருஷத்தில் மருதையனுக்கு நெஞ்சுவலி வந்தது. சென்னைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் பிழைப்பார் என்றார்கள். கொண்டுபோக வழியில்லை. நாற்பது நாள் படுத்திருந்து செத்தார். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல்லறை வரை நடந்தவன் கிளாட்சன். அவன் அழுத அழுகையைப் பார்த்து, "இவனுக்கு எவ்வளவு பாசம்" என்று நான் என் மனைவியிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

"எல்லாத்தையும் சரிக்கட்டிட்டு வந்து பேர் கொடுக்கலாம்னு நெனச்சேன் சார்," என்றான். "ஒவ்வொண்ணா செஞ்சேன். இது போதும், அடுத்த மாசம் பேர் கொடுத்துடலாம்னு நெனப்பேன். ஞாயித்துக்கிழமை அவன் முதுகு கண்ல படும். போதலைன்னு தெரிஞ்சுடும்."

நான் அவனைத் தேற்றியிருக்க வேண்டும். அதுதான் முறை. எனக்கோ கோபம் தலைக்கேறியது. பன்னிரண்டு வருஷம் என்னையும் ஊரையும் ஏமாற்றியிருக்கிறானே என்ற கோபம். "அஞ்சு மணிக்கு மணி அடிக்கும்," என்றேன். "அதுக்குள்ள நீ போய்ச் சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?"

அவன் கையை நீட்டினான். தூக்கிவிட்டேன். தனியாக அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்று நானும் கூடவே போனேன். அது மட்டும்தான் காரணம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அவன் அடி வாங்குவதைப் பார்க்கவும் எனக்கு ஆசை இருந்திருக்கிறது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

தமிழ்மாறன் வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். அவன் ஏணியில் நின்று பந்தல் காலில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். ஜாஸ்லின் குழந்தையின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் தூங்கியது. "வாங்க சார், வாங்கண்ணே" என்று எழுந்தவள், எங்கள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலி எடுக்கப் போகாமல் நின்றுவிட்டாள்.

கிளாட்சன் உட்காரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் சொன்னதை அதே வரிசையில் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தமிழ்மாறன் ஏணியிலேயே நின்று கேட்டான். முடிந்த பிறகும் இறங்கவில்லை.

"என்ன கிழமை சொன்ன?"

"செவ்வாய்."

"அன்னைக்கு நான் எங்க இருந்தேன்?"

கிளாட்சன் தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "உங்க வீட்டுக் கூரை மேல. மழைக்கு முன்னாடி கீத்து மாத்திக்கிட்டு இருந்த. பூத் வாசல்லேர்ந்து பாத்தா உன் தலை தெரிஞ்சுது."

"கூப்பிட்டா கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

தமிழ்மாறன் ஒவ்வொரு படியாக இறங்கினான். கையிலிருந்த கட்டிங் பிளேயரை மேசைமேல் வைத்தான். அதை அவன் வைத்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

ஜாஸ்லின் முன்னால் வந்தாள். "மாமா நாப்பது நாள் கெடந்தாங்களே. தெனம் வந்து பாத்தீங்களே அண்ணே. அப்பவும் இது உங்க மனசுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உங்க கையால கஞ்சி குடுத்தீங்களே!"

அவள் பாயிலிருந்த பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தத்தில் பிள்ளை வீறிட்டது.

"தமிழு," என்றான் கிளாட்சன். "கடையை உன் பேர்ல எழுதிக் குடுத்துடறேன்டா. வீட்டையும் குடுத்துடறேன். அருளு ஒண்ணும் சொல்ல மாட்டான். திங்கக்கிழமையே சீர்காழிக்குப் போய்ப் பத்திரம்..."

"வெளிய போ."

"டேய், நான்..."

"வெளிய போடா!" அந்தத் தெருவே கேட்கும்படி கத்தினான். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "சார், நீங்களும் போங்க," என்றான்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. ஆயத்த ஆராதனையில் தமிழ்மாறன் இல்லை, ஜாஸ்லின் இல்லை, கிளாட்சனும் இல்லை. ஐயர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைத் திறந்தேன். நாற்பத்துமூன்று பேர் பேர் கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு, நாளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்று ஐயரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நோட்டை மூடினேன். வாசலில் நிழல் விழுந்தது. தமிழ்மாறன்.

"பேர் எழுதிக்குங்க சார். தமிழ்மாறன்."

எழுதினேன். "ஜாஸ்லின்?"

"இந்த வாரம் வேண்டாம்னுட்டா. அழுதுட்டு இருக்கா. ஞானஸ்நானம் மட்டும் நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா." நோட்டின் அடுத்த வரியைக் காட்டினான். "இன்னொரு பேர். கிளாட்சன்."

நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். "அவனே வந்து கொடுக்கணும். ஆளுக்கு ஆள் கொடுக்கறதில்ல."

"அவன் வர மாட்டான் சார். உங்களுக்கே தெரியும்."

"வரலைன்னா விடு. உன் அப்பாவைக் கொன்ன மாதிரி செஞ்சிருக்கான். நீ போய் அவன் பேரைக் கொடுக்கற! மன்னிச்சிட்டியா?"

"தெரியல சார். வர்ற வழியில ரெண்டு தடவை அவன் கடைப் பக்கம் திரும்பிட்டேன், கண்ணாடியெல்லாம் அடிச்சு நொறுக்கிடலாம்னு. இப்பவும் அதே நெனப்புதான்." நோட்டை என் பக்கம் தள்ளினான். "கோபம் போறப்ப போகட்டும். அது வரைக்கும் அவன் வெளியில செருப்பு அடுக்கிட்டு இருக்கணுமா? பன்னண்டு வருஷமா எனக்கு எல்லாம் செஞ்சான் சார். ஒரு நாளும் என்கூட உக்காந்து ஒரு டீ குடிச்சதில்ல. நானும் ஏதோ பிஸியா இருக்கான்னு நெனச்சுட்டேன்."

"அதுக்காக? அவன் என்ன செஞ்சிட்டான்னு இப்படி லேசா..."

"நாளைக்கு எம் புள்ள என்ன செஞ்சுட்டு வருது சார்?" என்று கேட்டான். "அதுக்குப் பல்லுகூட மொளைக்கல. பேர் குடுக்கத் தெரியுமா? தூங்கும், இல்லைன்னா அழும். நாமதான் தூக்கிட்டு வந்து தண்ணி ஊத்தப் போறோம். ஆண்டவர் அதை வேணாங்கறாரா? நீங்கதானே சார் சின்ன வயசுல எங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தீங்க?"

சொல்லிக் கொடுத்தேன்தான். கிருபை என்றால் என்ன என்று கேட்டு, விடை தப்பினால் முட்டிபோட வைத்துக்கூடச் சொல்லிக் கொடுத்தேன். பேனாவை எடுத்து எழுதினேன். மனசு வந்து எழுதவில்லை. அழுத்தி எழுதியதில் அடுத்த தாளிலும் அச்சு விழுந்தது.

"நீயே போய் அவன்கிட்ட சொல்லிடு," என்றேன்.

"நான் போனா அடிச்சிடுவேன் சார். நீங்க போங்க."

கிளாட்சனின் கடை பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். "உன் பேரை எழுதியாச்சு. காலையில வந்து சேரு," என்றேன்.

"யாரு குடுத்தா?"

"அவன்தான்."

கல்லாவை ஒரு தடவை இழுத்துத் திறந்து மூடினான். பிறகு, "அப்ப பத்திரத்தை வாங்கிக்கிறேன்னு சொன்னானா சார்?" என்று கேட்டான்.

"முட்டாள்!" என்று கத்திவிட்டு வந்தேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்று எனக்கே சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. தமிழ்மாறன் வீட்டுச் சத்தத்தைத் தெரு கேட்டிருந்ததால், கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஓரம் காலி. முதல் பாட்டு முடிந்தது, பாவ அறிக்கை முடிந்தது, வேத பாடம் முடிந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் ஞானஸ்நானத் தொட்டியின் பக்கம் வந்து நின்று, "பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளையைக் கொண்டுவாருங்கள்," என்றார்.

தமிழ்மாறன் பிள்ளையோடு எழுந்தான். ஜாஸ்லின் எழுந்தாள். ஞானத்தாயாக நிற்க வந்திருந்த அவளுடைய அக்கா எழுந்தாள். வேறு யாரும் எழவில்லை. கோயில் முழுக்கக் குசுகுசுவென்று பேச்சு.

என் பெஞ்சை ஒட்டிய ஜன்னல் வழியாக மணிக்கூண்டு தெரியும். அதன் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. ஐயரிடம் போய்ச் சொல்லலாமா என்று நான் நினைப்பதற்குள், தமிழ்மாறனும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டான். ஐயருக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, நடுவழியாக வெளியே நடந்தான். "என்னங்க!" என்று ஜாஸ்லின் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்கப் போகிறானோ என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வா," என்றான் தமிழ்மாறன்.

"என்னால முடியலடா. ஏதாச்சும் ஒண்ணு வாங்கிக்க. எதையாச்சும் ஒண்ணு. அப்புறம் வரேன். சும்மா எப்படிடா வர்றது?"

"பிடி."

"என்ன?"

"புள்ளையப் பிடி."

அவன் விலகப் பார்த்தான். தமிழ்மாறன் விடவில்லை. பிள்ளையை அவன் நெஞ்சோடு சேர்த்து வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துவிட்டான். கிளாட்சன் பதறிப்போய் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். அவன் அதுவரை எந்தக் குழந்தையையும் நின்றபடி தூக்கியதில்லை. முழங்காலைப் பிடிக்கக் கை இல்லாவிட்டால் அவனால் ஓர் அடி நகர முடியாது.

"டேய், விழுந்துடுவேன்டா. புள்ளைய வாங்கிக்க. நடக்க முடியாதுடா என்னால!"

"தெரியும்," என்றான் தமிழ்மாறன். அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, அவனுடைய இடது பக்கத்துப் பாரம் முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டான். "இப்ப வா."

அப்படித்தான் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். வாசலிலிருந்து தொட்டி வரை முப்பது அடி இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் கிளாட்சன் சாய்ந்தான். ஒவ்வோர் அடிக்கும் மற்றவன் நிமிர்த்தினான். தமிழ்மாறனின் முகத்தில் சிரிப்பு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தான். ஜாஸ்லின் பிள்ளையின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது விழுந்துவிடுமோ என்று நாங்கள் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளையோ கொட்டாவி விட்டது.

"இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று ஐயர் கேட்டார். ஞானத்தகப்பன்தான் சொல்ல வேண்டும். கிளாட்சன் தமிழ்மாறனைப் பார்த்தான். தமிழ்மாறன் அவன் காதில் சொன்னான். ஐயர் மறுபடியும் கேட்டார்.

"சாமுவேல் மருதையன்," என்றான் கிளாட்சன். சொல்லிவிட்டு அழுதான். பெட்டிக்குப் பக்கத்தில் அழுத அழுகை வேறு, இது வேறு. நான் இரண்டையும் பார்த்தவன்.

திருவிருந்து நேரத்தில் அவன் செருப்பு அடுக்கப் போகவில்லை. தமிழ்மாறன் அவனை விட்டால்தானே? பலிபீடத்தின் முன்னால் எல்லோரும் முழங்காலிட்டோம். கிளாட்சனால் முழங்காலிட முடியாது. கிராதித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எனக்கும் தமிழ்மாறனுக்கும் நடுவில் நின்றான். ஐயர் வந்தபோது கிராதியை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஏந்தினான். வெறும் கை. சட்டைப் பையில் ஏதோ காகிதம் துருத்திக்கொண்டிருந்தது, கடைப் பத்திரமாகத்தான் இருக்கும். அதை எடுக்கவில்லை. "உனக்காகக் கொடுக்கப்பட்டது," என்று ஐயர் அப்பத்தை அவன் கையில் வைத்தார். என் கையிலும் அதையே சொல்லித்தான் வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் தமிழ்மாறன் வீட்டுப் பந்தலில் சாப்பாடு. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் கிளாட்சன் தண்ணீர்க் குவளையோடு சாப்பிடுகிறவர்களைச் சுற்றி வருவான்; கடைசியில் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அன்றைக்கும் பந்தலுக்குள் வந்ததும் குவளையைத் தேடினான். "உக்காரு," என்றான் தமிழ்மாறன். முதல் பந்தியில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். இலை போட்டார்கள். தான் வாங்கிச் சாப்பிடுவதா என்று அவனுக்குக் கூச்சம். இரண்டு தடவை எழப் பார்த்தான்.

சோற்றுப் பாத்திரத்தோடு ஜாஸ்லின் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஒவ்வோர் இலையாகப் பரிமாறிக்கொண்டு வந்தவள் அவன் இலைக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பந்தலில் பேச்சு அடங்கியது. தமிழ்மாறன் தன் இலையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். கிளாட்சன் இலையை மூடி எழுந்துவிடுவான் என்றே நினைத்தேன்; அவன் கை இலை ஓரத்துக்குப் போய்விட்டது.

அவள் குனிந்து ஒரு கரண்டி சோறு வைத்தாள். இன்னொரு கரண்டியும் வைத்தாள்.

"எனக்கு இன்னும் மனசு ஆறல அண்ணே," என்றாள். "சாப்பிடுங்க."

கிளாட்சன் கையை இலை ஓரத்திலிருந்து எடுத்து, சோற்றில் வைத்தான்.